வின்னி கரடியை வாங்கிய ஹாரி கோல்போர்ன் போரில் ஆற்றிய பணி என்ன?

கேள்வி

வணக்கம். கனடா இராணுவத்தின் கால்நடை மருத்துவ அதிகாரி ஹாரி கோல்போர்ன், 1914 ஆகஸ்ட் 24 அன்று ஒன்டாரியோவின் வைட் ரிவர் இரயில் நிலையத்தில் 20 டாலருக்கு ஒரு கரடிக்குட்டியை வாங்கி, தாம் வாழ்ந்த வின்னிபெக் நகரின் பெயரால் அதற்கு வின்னி என்று பெயரிட்டதும், பிரான்சுக்குப் புறப்படுமுன் அதனை இலண்டன் விலங்குக்காட்சி சாலையில் விட்டதும் பலரும் அறிந்தவை. கரடியோடு கதை முடிந்துவிடுகிறது. மனிதரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. குண்டடிபட்ட குதிரைகளுக்குக் கட்டுப்போடுவதுதான் இத்தகைய அதிகாரியின் முதன்மையான வேலையா?

பதில் 1

இல்லை. குண்டுக் காயங்களைவிடச் சொறி நோயும், சேறும், பசியும், அளவுமீறிய சுமையுமே முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் (பிரான்சு, பெல்ஜியம் பகுதியில்) குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அதிகமாக வீழ்த்தின. சமையற்காரர்கள் விறகாக எரித்த மரப்பெட்டிகளின் ஆணிகள் சாலைகளில் சிதறிக் குளம்பில் ஏறியதுகூடப் பெரிய தொல்லையாக இருந்தது. ஆகவே படைப்பிரிவின் மருத்துவர் நாள்தோறும் குதிரை வரிசைகளைப் பார்வையிட்டு, லாடத்தையும் தீவனத்தையும் தண்ணீரையும் கவனித்து, நோயுற்றவற்றைப் பிரித்தெடுத்து, நடமாடும் கால்நடைப் பிரிவின் வழியாக இரயிலில் பின்தள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். போர்க்காலத்தில் பிரித்தானியப் படையின் கால்நடை மருத்துவமனைகளில் ஏறத்தாழ 25 இலட்சம் சேர்க்கைகள் பதிவாயின. அவற்றில் சுமார் 80 விழுக்காடு குணமாகிப் பணிக்குத் திரும்பின. குதிரைகளைத் தாக்கும் கொடிய பாக்டீரியா நோயான கிளாண்டர்ஸ் மட்டும் விதிவிலக்கு: மனிதருக்கும் தொற்றக்கூடிய அந்நோய் மாலின் சோதனையில் (அந்நோய்க் கிருமியின் சாற்றைச் செலுத்தி உடலின் எதிர்வினையைப் பார்க்கும் சோதனை) உறுதியானால் விலங்கைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

பதில் 2

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். ஆயினும் தடுப்புப்பணி எளிதாக நடந்ததுபோல் தோன்றிவிடக் கூடாது. சொறிப்பூச்சி மயிரடர்த்திக்குள் மறைந்து பரவுவதால் உடல்மயிரை வெட்டிவிட்டு, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த வெதுவெதுப்பான கரைசல் நிறைந்த தொட்டிகளில் குதிரைகளை இறக்கி நடத்தினார்கள். ஆனால் 1916–17 குளிர்காலம் மிகக் கொடியதாக அமைந்தது. கூரையற்ற வெளியில் கட்டப்பட்டு, ஓட்ஸ் பங்கீடும் குறைக்கப்பட்ட நிலையில், மயிர் வெட்டப்பட்ட குதிரைகள் 1917 ஏப்ரலில் பிரான்சின் அராஸ் நகரருகே போர் தொடங்கியபோது பனியிலும் சேற்றிலும் பெருமளவில் மடிந்தன. நோயைத் தடுத்த அதே கத்தரி குளிருக்கு வழிவிட்டது. எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்ற முடிவுதான், என் கருத்தில், அந்த மருத்துவர்களின் திறமைக்கு வந்த மிகக் கடினமான சோதனை.

பதில் 3

கோல்போர்னின் வாழ்க்கை பற்றிச் சில செய்திகள். 1887இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இளைஞராகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, 1911இல் ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். போர் முழுவதும் பணியாற்றி மேஜர் நிலைக்கு உயர்ந்தார். வின்னியைத் திரும்ப அழைத்துச்செல்லும் எண்ணம் அவருக்கு இருந்தது. மக்கள் அதன்மீது வைத்த அன்பைக் கண்டு 1919இல் அதனை இலண்டனுக்கே அளித்துவிட்டார். பின்னர் வின்னிபெக்குக்குத் திரும்பி, 1947இல் மறையும்வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். அங்கே தம் வீட்டை ஒட்டிச் சிறு விலங்குகளுக்கான மருத்துவமனை ஒன்றையும் நடத்தினார்.