புதுப்பிப்பு: பாலியில் சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை) மாற்றிய கதை

பாலியில் காசு மாற்றும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"எண்ணி முடித்த பணக்கட்டை மறுபடி கடைக்காரர் கையில் கொடுக்காதீர்கள்" என்ற யோசனைதான் காப்பாற்றியது. கடற்கரைப் பக்கம் ஒரு சிறு கடையில் மற்ற இடங்களைவிட நல்ல விலை போட்டிருந்தது. எல்லாம் சின்னத் தாள்கள், பெரிய கட்டு. நான் எண்ணியதும், "இன்னொரு முறை பார்க்கிறேன்" என்று கடைக்காரர் கை நீட்டினார். சில தாள்கள் மேசைக்குப் பின்னால் நழுவுவது அப்போதுதான். என் வெள்ளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் பேங்க் இந்தோனேசியா (அந்த நாட்டு மத்திய வங்கி) உரிமம் பெற்ற கடையில் மாற்றினேன். ரசீது கிடைத்தது, பிடித்தம் இல்லை.

எதிர்பாராதது ஏடிஎம்தான். சிங்கப்பூர் வெள்ளியிலேயே கணக்கிடட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லி இந்தோனேசிய ருப்பியாவையே தேர்ந்தெடுங்கள், வெள்ளியில் கணக்கிட ஏடிஎம் போடும் விகிதம் நமக்கு நட்டம். உணவகத்தில் அட்டை தேய்க்கும்போதும் இதே கேள்வி வரலாம்.