டச் ஸ்கிரீனா, கன்ட்ரோலரா? டெட் செல்ஸ் ஆடுறவங்க சொல்லுங்க

உருளத்தெரியாதவன்:
எல்லா கேமும் போன்லதான். இப்ப ஓடிட்டிருக்கிறது கத்திச் சண்டை போடுற டெட் செல்ஸ், துப்பாக்கி ஷூட்டரான கால் ஆஃப் டியூட்டி மொபைல் ரெண்டும். டெட் செல்ஸ்ல ஒரு கட்டத்துக்கு மேல நகரவே முடியல. எதிரி கத்தியை ஓங்குறது கண்ணுக்கு நல்லாவே தெரியுது. ஆனா உருண்டு தப்பிக்கிற ரோல் பட்டனை அழுத்தப் போன விரல் ஜம்ப்ல போய் உக்காந்துக்குது. பட்டனும், கட்டைவிரலால சாய்க்கிற குட்டி ஸ்டிக்கும் இருக்கிற கன்ட்ரோலர் வாங்குடாங்கிறான் ஒரு நண்பன். இன்னொருத்தன், டச்சுல பழகின கை கன்ட்ரோலர் பிடிச்சா ஷூட்டர்ல செம அடி வாங்கும்னு பயமுறுத்துறான். யார் பேச்சைக் கேக்குறது?

கட்டைவிரல்:
ரெண்டு பேரும் வேற வேற கேமை மனசுல வச்சுப் பேசுறாங்க, அவ்வளவுதான்.

டெட் செல்ஸுக்குக் கன்ட்ரோலர். யோசிக்கவே வேணாம். ரெண்டு ஆயுதம், ரெண்டு ஸ்கில், ஜம்ப், ரோல், உயிரை ஏத்திக்கிற ஹீல். எண்ணிப் பாருங்க, ஏழு வேலை. டச்சுல இத்தனையும் வலது கட்டைவிரல் ஒருத்தன் தலையில விழுது. கன்ட்ரோலர்ல ஸ்கில் ரெண்டையும் ஆள்காட்டி விரல்கள் ட்ரிகர்ல பாத்துக்கும். கட்டைவிரலோட நுனி அட்டாக்ல இருக்கும்போதே அதன் மடிப்பு பக்கத்து பட்டன்ல படுத்திருக்கும்; லேசா உருட்டினா ரோல் விழுந்துடும். கண்ணாடியில அப்படி முடியாது, விரலைத் தூக்கி வேற இடத்துல வைக்கணும். அதோட கண்ணாடிக்கு விளிம்பு கிடையாதே! சண்டை நீள நீள விரல் கொஞ்சம் கொஞ்சமா நழுவிட்டே போகும், அடி விழுந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

ஷூட்டர் கதை வேற. டச்சுல விரல் எவ்வளவு தூரம் இழுக்குதோ அவ்வளவு தூரம் பார்வை திரும்பும். பின்னாடி சுடுறானா, ஒரே இழுப்புல திரும்பிடலாம். ஸ்டிக்ல சாய்வுதான் வேகம். சாய்ச்சுப் பிடிச்சுக் காத்திருந்து, சரியான இடத்துல விடணும். கன்ட்ரோலருக்கு, குறி வைக்க கேமே உதவுற எய்ம் அசிஸ்ட் தாராளமா குடுக்குறதே இதை ஈடுகட்டத்தான். பெரிய திருப்பத்துக்கு இழுப்பு, சின்னத் திருத்தத்துக்கு கைரோ, அதாவது போனையே சாய்ச்சுக் குறி வைக்கிறது. அப்படி ஆடுற ஆளை ஸ்டிக்கால ஜெயிக்கிறது கஷ்டம்னுதான் நான் சொல்லுவேன். கால் ஆஃப் டியூட்டி மொபைல்ல 2019 நவம்பர்லயே கன்ட்ரோலர் வசதி வந்துடுச்சு. கன்ட்ரோலர்காரங்களை கன்ட்ரோலர்காரங்களோடயே மோதவிடுற மாதிரிதான் அமைச்சாங்க, அதனால உங்க நண்பர் பயமுறுத்துற அளவுக்கு ஒண்ணும் இல்ல. இருந்தாலும் அங்க நான் டச்தான்.

சும்மாஆடுறேன்:
வாங்குறதுக்கு முன்னாடி செட்டிங்ஸைத் திறந்தீங்களா? டெட் செல்ஸ்ல பட்டன்களை நகர்த்தலாம், பெருசாக்கலாம். முதல் வேலையா ரோலையும் ஜம்ப்பையும் பிரிச்சு வைங்க. ரோலைக் கட்டைவிரல் இயல்பா மடங்கி விழுற இடத்துல பெருசா வைங்க, ஹீல் எங்கேயோ மூலையில கிடக்கட்டும். போன்ல ஓரத்துல இழுத்தா பின்னாடி போற ஜெஸ்ச்சர் ஓடுச்சுன்னா அதையும் மாத்திடுங்க. பாஸ் சண்டை நடுவுல ஹோம் ஸ்கிரீன் வந்து நிக்கிற கொடுமை எனக்குத் தெரியும்.

கட்டைவிரல்:
இது நல்ல யோசனை, செலவில்லாதது, முதல்ல செய்யுங்க. ஆனா ஏழு வேலை அப்படியேதான் இருக்கு. எங்க நகர்த்தினாலும் விரல் ஒண்ணுதானே.

ட்ரிஃப்ட்டுக்குஎதிரி:
வாங்குறதா முடிவு பண்ணிட்டா ரெண்டு விஷயம் பாருங்க. ப்ளூடூத்தா, போன்ல நேரா சொருகுற டைப்-சியா? ப்ளூடூத்ல கொஞ்சம் தாமதம் இருக்கும். கதை கேமுக்குப் பரவால்ல, அடி விழுற நொடியில சரியா தடுத்து பாரி பண்ற கேம்ல உறுத்தும். சொருகுறதுன்னா போனோட சாக்கெட்டைப் பாத்துக்குங்க, ஐபோன்ல 15 வரிசையிலிருந்துதான் டைப்-சி. அடுத்தது ஸ்டிக். ஹால் எஃபெக்ட்னு போட்டிருந்தா எடுங்க. அது காந்தத்தை வச்சு அளக்குது, உரசித் தேயற பாகம் இல்ல, அதனால ஸ்டிக்கைத் தொடாமலே ஒரு பக்கம் இழுக்குற ட்ரிஃப்ட் லேசுல வராது.

இன்னொண்ணு: கன்ட்ரோலர் வசதியே இல்லாத ஆன்லைன் கேம்ல, பட்டனை டச்சா மாத்தித் தர்ற கீமேப்பிங் ஆப் போட்டு ஆடாதீங்க. அக்கவுண்டுக்கே தடை விழலாம்.

உருளத்தெரியாதவன்:
லேஅவுட் மாத்திட்டேன். ரோல் இப்ப தப்பல, ஆனா ஓடிட்டே ஸ்கில் போடுறது இன்னும் சொதப்புது. சரி, சொருகுற கன்ட்ரோலரே வாங்கிடலாம்னு இருக்கேன். என் போனுக்கு தடிமனான கேஸ். ஒவ்வொரு தடவையும் கழட்டணுமா?

ட்ரிஃப்ட்டுக்குஎதிரி:
தடிமன்னா கழட்டத்தான் வேணும். கேஸைக் கழட்டாம சொருகினா பிளக் உள்ள முழுசா இறங்காது, அரைகுறையா நின்னா ஆட்டத்துக்கு நடுவுல கனெக்‌ஷன் போகும். உள்ள ரப்பர் பேடைக் கழட்டி மாத்துற மாதிரி வர்ற மாடல்ல மெல்லிசு கேஸ் நுழையும். கேமரா மேடு இடிக்குதான்னும் பாத்து வாங்குங்க.