கர்ட் ஃப்ளட்டுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா, இல்லையா?

கயல்:
அமெரிக்க பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைச் சேர்க்கும் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் கர்ட் ஃப்ளட் பெயர் இன்னும் இல்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 12 சீசன் ஆடிய கறுப்பின ஆட்டக்காரர், மைதானத்தின் நடு வெளிப்பகுதியைக் காக்கும் சென்டர் ஃபீல்டர். 1969 அக்டோபரில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியா அணிக்குக் கைமாற்றினார்கள். போக மாட்டேன் என்றார். வாங்கவும் விற்கவும் நான் பொருள் இல்லை என்று லீக்கின் தலைமை நிர்வாகியான கமிஷனர் போவி கூனுக்கே கடிதம் எழுதி, வழக்கும் போட்டார்.

செந்தில்வேல்:
துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் ஆட்டக்காரராக உள்ளே போக ஆட்டம் பேச வேண்டும். 1,861 ஹிட், 85 ஹோம் ரன், .293 பேட்டிங் சராசரி. நல்ல கணக்கு, அவ்வளவுதான். வழக்கிலும் 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். விதியை உடைத்தது 1975-ல் மெசர்ஸ்மித், மெக்நாலி என்ற இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் சாதகமாக வந்த நடுவர் தீர்ப்பு.

நாகை வாசகன்:
எந்த விதி? விவரம் தெரியாதவர்களுக்கும் சொல்லுங்களேன்.

கயல்:
ரிசர்வ் விதி, நண்பரே. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். அணி அவரை வைத்துக்கொள்ளலாம், கைமாற்றலாம். அவர் வேறு அணியைத் தேடிப் போக முடியாது.

செந்தில்வேல், வழக்கு தோற்றாலும் வீண் போகவில்லை. 10 வருடம் ஆடி, கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தவர் கைமாற்றத்தை மறுக்கலாம் என்ற உரிமை 1973-லேயே வந்துவிட்டது. ஃப்ளட்டுக்கு மறுக்கப்பட்டது அச்சு அசலாக அதுதான்.

செந்தில்வேல்:
சரி. ஆனால் வருடம் 90,000 டாலர் சம்பளம் வாங்கியவர் தன்னை அடிமையோடு ஒப்பிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்புறம் 1968 உலகத் தொடர், அதாவது சாம்பியனை முடிவு செய்யும் இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம். இரு பக்கமும் ரன் இல்லை. டெட்ராய்ட் அணியின் நார்த்ரப் அடித்த பந்தை ஃப்ளட் தப்பாகக் கணித்து முன்னால் ஓடினார், திரும்பும்போது கால் வழுக்கியது, பந்து தலைக்கு மேல் போனது. தொடரே டெட்ராய்ட்டுக்குப் போனது.

கயல்:
சம்பளத்தை வைத்து அவரை அளக்காதீர்கள். தெற்கு மாநிலங்களில் சின்ன லீக்கில் ஆடிய காலத்தில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இடைவேளையில் வியர்த்த சீருடையை மற்றவர்களின் துணிக்குவியலில் போட்டார். அணியின் ஆள் பதறிப்போய், நீளக் குச்சியால் அதை மட்டும் கிளறி எடுத்து, கறுப்பர்களின் சலவைக்குத் தனியாக அனுப்பினார். அது திரும்பி வரும்வரை பையன் உடம்பில் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தான். அந்தப் பையன்தான் வளர்ந்து அந்தக் கடிதத்தை எழுதியவர். வழக்கு விசாரணையில், பெரிய லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர்கூட வரவில்லை.

ஒரு பந்து தவறியதைச் சொன்னீர்கள். 1966-ல் முழு சீசனும் ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூட இல்லாமல் ஆடினாரே? 1963 முதல் 1969 வரை வரிசையாக 7 கோல்டு க்ளவ், சிறந்த ஃபீல்டருக்கான விருது. அதில் 6 வருடம் கூட வாங்கிய அவுட்ஃபீல்டர்கள் ஜாம்பவான்களான வில்லி மேஸும் ராபர்ட்டோ கிளெமெண்டேயும்.

நாகை வாசகன்:
ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த மார்வின் மில்லரை உள்ளே எடுத்துவிட்டார்களே. ஃப்ளட்டின் வழக்குக்குத் துணை நின்றதே அவருடைய சங்கம்தான்.

செந்தில்வேல்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. மில்லர் மாதிரி ஆட்டத்துக்கு வெளியே செய்த பணிக்காக என்றால் என் கையையும் தூக்குகிறேன். ஆட்டக்காரராக என்றால் மாட்டேன். 2,000 ஹிட்கூட இல்லை.

கயல்:
2,000-க்கு 139 தான் பாக்கி. 1969-ல் மட்டும் அவர் அடித்தது 173. 31 வயதில் கைமாற்றினார்கள், 1970 முழுக்க வழக்குக்காக வெளியே உட்கார்ந்தார், 1971-ல் வாஷிங்டன் அணிக்கு 13 ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விட்டார். அந்த 139-ஐ எங்கே விட்டார் என்று நீங்களே சொல்லுங்கள்.