5 செக்கன் தயாரிப்பு லோகோ: பழைய ரி.வி. லோகோக்களின்ரை ஒளித்தோற்றத்தை எப்பிடிக் கொண்டுவாறது?

வடமராட்சிக்காரன்:

யாழ்ப்பாணத்திலை ஒரு சின்னத் தயாரிப்புக் குழுவுக்கு 5 செக்கன் லோகோ அனிமேஷன் வேணும். உள்ளூர் கேபிளுக்கு 720×576, யூரியூப்புக்கு 1920×1080. சின்னம் ஏழு நரம்புள்ள யாழ், கீழை குழுவின்ரை பெயர், பின்னாலை கருநீலம், நடுவிலை மட்டும் கொஞ்சம் வெளிச்சம். 70களிலை வந்த வெளிநாட்டு ரி.வி. கொம்பனி லோகோக்களிலை இருட்டுக்குள்ளையிருந்து ஒளி இழுபட்டு வந்து எழுத்தா நிக்குமே, அந்தத் தோற்றம்தான் தேவை.

இப்ப செய்து வைச்சிருக்கிறதிலை மூண்டு பிழை. கேபிளிலை யாழ் நரம்புகள் மினுங்கித் துடிக்குது. பின்னணி நீலம் வளையம் வளையமாத் தெரியுது. பெயர் எழுத்தெழுத்தா வரேக்கை 'கொ' உடைஞ்சு போகுது. பெயரை இல்லஸ்ரேற்றரிலை பாமினியிலையும் (யூனிகோட் இல்லாத பழைய எழுத்துரு) ஆப்ரர் எபெக்ற்ஸிலை யூனிகோட்டிலையும் போட்டுப் பார்த்தாச்சு. ஒளித்தோற்றமும் பழசு மாதிரி வரேல்லை, புதுசாப் பிளாஸ்ரிக் மாதிரி மினுங்குது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

லித்பிலிம்:

தம்பி, அந்த ஒளி எப்பிடி எடுக்கப்பட்டது எண்டு விளங்கினால் பாதி வேலை முடிஞ்சுது. அந்த லோகோக்களிலை கனக்க, கொம்பியூட்டர் தொடாதவை. எழுத்தை லித் பிலிமிலை எடுப்பினம். சுத்திவர ஒளி புகாத கறுப்பு, எழுத்து மட்டும் வெறுமை. அதை அனிமேஷன் ஸ்ராண்டிலை வைச்சுக் கீழையிருந்து வெளிச்சம் குடுத்து, இடையிலை நிற ஜெல் தாள் போட்டு, மேலை நிக்கிற கமெராவாலை பிரேம் பிரேமா எடுக்கிறது. ஷட்டரைத் திறந்து விட்டபடி கமெராவை நகர்த்தினால் ஒளி கோடா இழுபடும். பிறகு பிலிமைப் பின்னுக்குச் சுத்தி அதே பிரேமிலை அடுத்த நிறம். ஒளிக்கு மேலை ஒளி கூடுறதாலை எழுத்தின்ரை நடு வெள்ளையாகும், நிறம் ஓரத்திலைதான் நிக்கும். உங்கடையிலை நடுவும் நீலம், ஓரமும் நீலம். பிளாஸ்ரிக் மாதிரித் தெரியிறதுக்குக் காரணம் அதுதான்.

இதின்ரை பெரிய உறவு ஸ்லிற்-ஸ்கான். ஒரு ஒடுங்கின பிளவுக்குள்ளாலை படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பதியிற முறை. 1969இலை அமெரிக்க ஏபிசியின்ரை வாராந்தத் திரைப்பட நிகழ்ச்சிக்கு ஹரி மார்க்ஸும் டக்ளஸ் ட்ரம்புல்லும் இதாலை முகப்புச் செய்திச்சினம். அதுக்குப் பிறகு பறந்து வாற எழுத்து எல்லாருக்கும் தேவைப்பட்டது. லீ ஹரிசனின்ரை ஸ்கானிமேற் இயந்திரம் இன்னொரு வழி. கறுப்பு வெள்ளைப் படத்தைக் குழாய்த் திரையிலை காட்டி, மின்னழுத்தத்தாலை அதை வளைச்சு, திரும்பக் கமெராவாலை எடுத்து நிறம் ஏத்துறது. எல்லாம் அந்த நேரத்திலேயே நடக்கும், ரெண்டர் எண்ட பேச்சே இல்லை. பிபிசி 1இன்ரை 1969 உலகப் பந்தும் உண்மையாச் சுத்தின ஒரு மொடல்தான். கறுப்பு வெள்ளைக் கமெரா எடுத்தது, நிறம் மின்னணுவியலாலை வந்தது. கொம்பியூட்டர் பந்து 1985 பெப்ரவரியிலைதான் வந்தது. வடிவமைப்பாளர் மாட்டின் லாம்பி-நேர்ன் பிரித்தானியச் சனல் 4க்கு நிறக்கட்டைகள் பறந்து சேருற 4ஐ 1982இலை அமெரிக்காவுக்குப் போய்த்தான் செய்விக்க வேண்டியிருந்தது.

இப்ப உங்கடைக்கு. புரொஜெக்ற்றை 32 பிற்றுக்கு மாத்தி, லீனியர் நிறக்கலப்பை இயக்குங்கோ. எழுத்தை வெள்ளையா விடுங்கோ. அதே எழுத்தை ரெண்டு பிரதி எடுத்து, ஒண்டுக்கு 8 பிக்சல் மங்கல் 50 வீதம், மற்றதுக்கு 40 பிக்சல் மங்கல் 20 வீதம். நிறம் இந்த ரெண்டுக்கும் மட்டும். மூண்டும் 'அட்' முறையிலை கூடவேணும், 'நோர்மல்' இல்லை. இழுபடுற கோட்டுக்கு மோஷன் பிளேர் ஷட்டர் கோணத்தை 360 ஆக்கி, ஒரு பிரேமுக்கு 64 சாம்பிள் எடுக்க விடுங்கோ. 16இலை விட்டால் கோடு தனித்தனிப் படமாப் பிரிஞ்சு தெரியும்.

அசைவு ஒண்டு காணும். செக்கனுக்கு 25 பிரேம் எண்ட கணக்கிலை வாற 125 பிரேமிலை முதல் 5 கறுப்பு, 45 அசைவு, 60 அப்பிடியே நிக்கவேணும், 10 மங்கி மறையிறது, கடைசி 5 கறுப்பு. அந்த 60ஐக் குறைக்காதேங்கோ. இப்ப வாற லோகோக்களிலை எழுத்து வந்து சேர்ந்த உடனை வெட்டிப்போடுகினம், பெயர் மனதிலை பதிய நேரமே இல்லை.

576_வரி:

நரம்பு துடிப்பதற்கும் நீலம் வளையமாவதற்கும் காரணங்கள் வேறு வேறு. தனித்தனியாகத் திருத்த வேண்டும்.

இன்ரலேஸ் ஒளிபரப்பில் ஒற்றை வரிகள் ஒரு தடவையும் இரட்டை வரிகள் அடுத்த தடவையும் வரும்; ஒவ்வொரு தடவையும் வருவது ஒரு பீல்ட். ஒரு வரி மட்டும் தடிப்புள்ள கிடைக்கோடு இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். ஆகவே அது செக்கனுக்கு 25 தடவை தோன்றி மறையும். உங்கள் யாழ் சாய்ந்து நிற்பதென்றால் நரம்புகள் கிடையை ஒட்டிப் போகும். துடிப்பு அங்கேதான் மோசமாக இருக்கும். 1080இல் 1 பிக்சல், 576இல் ஏறத்தாழ அரை வரிதான். 1080இல் குறைந்தது 4 பிக்சல் தடிப்பு வையுங்கள், அது 576இல் 2 வரிக்குச் சற்று மேலே வரும். அதற்குப் பிறகும் துடித்தால் நிலைக்குத்துத் திசையில் மட்டும் அரை பிக்சல் முதல் 1 பிக்சல் வரை மங்கல் கொடுங்கள்.

4 பிக்சலில் ஏழு நரம்பும் ஒன்றோடொன்று ஒட்டினால் சின்னத்தையே பெரிதாக்குங்கள், அல்லது 576க்கென்று நரம்பு குறைந்த தனி வரைபடம் வையுங்கள். சின்ன அளவுக்கு வேறு வரைபடம் வைப்பது எந்த நல்ல லோகோவிலும் உள்ளதுதான். பிபிசி 1997இல் சாய்ந்த கட்டங்களை நிமிர்த்தியதற்கு ஒரு காரணம், சாய்கோடுகள் திரையில் பல்லுப்பல்லாகத் தெரிந்தது.

வளையத்துக்குக் காரணம் 8 பிற், அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டும். கருநீலம் 16இலிருந்து 50வரை மட்டும் போகிறது என்றால் நடுவிலிருந்து ஓரம்வரை 960 பிக்சலுக்கு 34 படிகள்தான் இருக்கின்றன. ஒரு படி ஏறத்தாழ 28 பிக்சல் அகலம். கண் அதைப் பிடித்துவிடும். 32 பிற்றில் வேலை செய்தாலும் கடைசி பைல் 8 பிற் என்றால் படி திரும்ப வரும். பின்னணியில் 1 முதல் 2 வீதம் நொய்ஸ் சேருங்கள், அது ஒவ்வொரு பிரேமிலும் மாற வேண்டும். பிற்றேற் குறைவாக அமுக்கினால் அந்த நொய்ஸ் அழிந்து வளையம் மீண்டும் எழும். ஆகவே மூலப் பைலை புரோறெஸ் 4444 என்ற உயர்தர வீடியோ வடிவத்தில் அல்லது 16 பிற் பிஎன்ஜி தொடரில் வைத்து, மற்றவற்றை அதிலிருந்தே எடுங்கள்.

இன்னும் இரண்டு விடயம். கேபிள்காரர் 16:9ஐ 4:3 ஆக நடுவால் வெட்டினால் 1920இல் இரு பக்கமும் 240 பிக்சல் போய்விடும். பெயர் நடு 1440க்குள், அதிலும் ஓரத்தில் 5 வீதம் விட்டு இருக்கட்டும். பீல்ட் ஒழுங்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். DV வகை வீடியோப் பைலில் கீழ் பீல்ட் முதலில், 1080 இன்ரலேஸில் மேல் பீல்ட் முதலில். மாறினால் ஒவ்வொரு அசைவும் முன்னுக்கும் பின்னுக்கும் உதறும். 25 முழுப் பிரேமாகவே கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, பழைய பிலிம் தோற்றத்துக்கும் அதுதான் பொருத்தம்.

மெய்யெழுத்து:

'கொ' உடையிறதைப் பற்றி. யூனிகோட்டிலை 'கொ' எண்டது க, அதோடை ஒரு உயிர்க்குறி. திரையிலை அந்தக் குறி ரெண்டாப் பிரிஞ்சு, கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் நிக்கவேணும். அதை ஒழுங்காப் பிரிச்சு வைக்கிறது எழுத்து எஞ்சினின்ரை வேலை. ஆப்ரர் எபெக்ற்ஸின்ரை பழைய பதிப்புகளிலை ரைப் அமைப்புக்குள்ளை தெற்காசிய எஞ்சினைத் தெரிவு செய்யாட்டில் கொம்பு இடம்மாறிப் பின்னாலை போகும், இல்லாட்டில் புள்ளி வட்டம் வரும். தெரிவு செய்த பிறகு லேயரைப் புதுசாப் போடுங்கோ, பழைய லேயர் தானாத் திருந்தாமல் விடலாம்.

அது சரிவந்தாலும் எழுத்தெழுத்தா அசைக்கிற ரெக்ஸ்ற் அனிமேற்றரை தமிழுக்கு நம்பேலாது. பாமினியிலை கதை இன்னும் நேரானது. அதிலை கொம்பு, க, கால் மூண்டும் மூண்டு தனி விசை. மென்பொருளுக்கு அது மூண்டு எழுத்து. அதாலை கொம்பு முதல் வந்து தனிய நிண்டு, பிறகு க, பிறகு கால் வரும். எழுத்து இடைவெளியைக் கூட்டினாலும் இதே வழியாலைதான் கால் விலகிப் போகும்.

வழி ஒண்டுதான். பெயரை இல்லஸ்ரேற்றரிலை அடிச்சு, அவுற்லைன் ஆக்கி, ஒவ்வொரு முழு எழுத்தையும் கையாலை ஒரு குறூப் ஆக்குங்கோ. 'கொ' ஒரு குறூப், 'ணி' ஒரு குறூப், 'ம்' அதின்ரை புள்ளியோடை ஒரு குறூப். குறூப்புக்கு ஒரு லேயர் எண்டு பிரிச்சுக் கொண்டுபோனால் எதுவும் உடையாது. அவுற்லைன் ஆக்க முந்தி ஒரு பிரதி வைச்சிருங்கோ, பிறகு எழுத்துப்பிழை திருத்தேலாது.

லித்பிலிம் அண்ணை சொன்ன ஒளிமங்கலோடை ஒரு ஆபத்து இருக்கு. 40 பிக்சல் மங்கல் ண, ஞ, ணை இவையின்ரை சுழிக்குள்ளை நிரம்பி, சுழி அடைபட்டுப் போகும். மெல்லிய எழுத்துருவிலை மெய்ப்புள்ளியும் கரைஞ்சு 'ம்' எண்டது 'ம' ஆகிவிடும். புள்ளியை 20 வீதம் பெருப்பிச்சு, சுழியை உள்ளுக்குக் கொஞ்சம் திறந்து வரையுங்கோ. 720×576இலை போட்டு ஆறடி தள்ளி நிண்டு பாருங்கோ. புள்ளி தெரியாட்டில் பெயர் பிழை.

வடமராட்சிக்காரன்:

நன்றி, நடு வெள்ளை, நிறம் ஓரத்திலை எண்டதைச் செய்து பார்க்க உடனையே வித்தியாசம் தெரியுது. இசைக்கு நாதஸ்வரம் போடலாமோ? லோகோவைத் தொடக்கத்திலையோ கடைசியிலையோ வைக்கிறது?

மூண்டுசுரம்:

சத்தத்தைப் பிறகு பார்ப்பம் எண்டு விடாதேங்கோ, இதுதான் நிண்டு நிலைக்கும். அமெரிக்க ரி.வி. நிறுவனம் என்பிசியின்ரை மணியோசை மூண்டே சுரம், 1950இலை ஒலிக்குறியாப் பதிவானது. சனல் 4க்கு டேவிட் டன்டாஸ் குடுத்தது நாலு சுரம். கவிதாலயாவின்ரை வள்ளுவர் சிலையை 'அகர முதல' எண்ட குரல் இல்லாமல் நினைக்கேலாது. நாலு சுரத்துக்கு மேலை போகாதேங்கோ. நாதஸ்வரம் சரி, ஆனால் இன்ரநெற்றிலை கிடைக்கிற லூப் வேண்டாம். அதே லூப்பை வேறை ஆர் தன்ரை பாட்டிலை போட்டுப் பதிஞ்சிருந்தாலும் யூரியூப்பிலை உங்கடை ஒவ்வொரு வீடியோவுக்கும் உரிமைக்கோரல் வரும். ஒரு கலைஞரைக் கொண்டு வாசிப்பிச்சு, உரிமையை எழுத்திலை வாங்குங்கோ.

கடைசிச் சுரம் 50ஆம் பிரேமிலை, எழுத்து நிக்கிற அதே இடத்திலை விழவேணும். 48 கிலோஹேட்ஸிலை ஒரு பிரேமுக்கு 1920 சாம்பிள், அதை வைச்சு நேராக்குங்கோ. எம்பி3 தொடக்கத்திலை வெற்றிடம் சேர்க்கும், சுரம் தள்ளிப்போகும், வேவ் பைலே பாவியுங்கோ. எதிரொலி 120ஆம் பிரேமுக்குள்ளை அடங்காட்டில் வெட்டுற இடத்திலை 'டிக்' எண்டு கேக்கும். சத்த அளவு நிகழ்ச்சிப் பேச்சோடை ஒத்திருக்கட்டும். ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேக்கிற சத்தத்தை அளக்கிற அலகு), கேபிளுக்கு அதையே வைக்கலாம்.

இடம்: கேபிளுக்குத் தொடக்கத்திலை 5 செக்கன். யூரியூப்பிலை முதல் காட்சியைக் காட்டிப்போட்டு, 2 செக்கனுக்குச் சுருக்கின பதிப்பை வையுங்கோ. கடைசியிலை வைச்சால் 5 முதல் 20 செக்கன் வரை வாற முடிவுத்திரைப் பெட்டியள் சின்னத்தை மூடிப்போடும். பல நிகழ்ச்சி செய்யிறதெண்டால் அமெரிக்க ரி.வி. தயாரிப்பாளர் எம்ரிஎம் கொம்பனியைப் பாருங்கோ. எம்ஜிஎம் சிங்கத்தின்ரை இடத்திலை ஒரு பூனைக்குட்டி. பொலிஸ் தொடருக்கு அதுக்குப் பொலிஸ் தொப்பி, ஆஸ்பத்திரித் தொடருக்கு முகமூடி. சின்னம் மாறேல்லை, ஒரு பொருள் மட்டும் மாறினது.

இன்னொண்டு, யாழும் பனையும் நல்லூர்க் கோபுரமும் இஞ்சை கனபேர் பாவிக்கிற சின்னங்கள். ரெண்டர் பண்ண முந்தித் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திலை வணிகக்குறிகளின்ரை 41ஆம் வகுப்பிலை தேடிப் பாருங்கோ, ஒளிபரப்பும் செய்யிறதெண்டால் 38உம். 1976இலை என்பிசி வெளியிட்ட புது 'என்' எழுத்தை அமெரிக்காவின்ரை நெப்ராஸ்கா மாநிலக் கல்வி ரி.வி. முந்தியே பாவிச்சுக்கொண்டு இருந்தது. வழக்கைத் தீர்க்க என்பிசி 8 லட்சம் டொலருக்கு மேலை பெறுமதியான கருவிகள் குடுத்தது, அதோடை 55,000 டொலர் காசு. உங்கடை யாழ் வேறை ஒருதரின்ரை யாழைப் போல இருந்தால் நரம்பின்ரை வளைவையோ உடலின்ரை வடிவத்தையோ இப்பவே மாத்துங்கோ, எப்பிடியும் 576க்குத் திரும்ப வரையத்தானே போறியள்.