சும்மா கிடைக்கும் தூங்குமூஞ்சி மரம், விறகுக்கு ஆகுமா?

வணக்கம். நெல்லிக்குப்பத்தில் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். விறகு அடுப்பு, இதுவரை சவுக்குக் கட்டைதான் எரித்தோம். ஆடிக் காற்றில் பக்கத்துக் கொல்லையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்துவிட்டது. "காசு வேண்டாம், இடத்தைக் காலி பண்ணிக் கொடுத்தால் போதும்" என்கிறார் கொல்லைக்காரர். அடிமரம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். அறுத்து டாடா ஏஸில் கொண்டுவந்து இறக்க 6,500 ரூபாய் ஆகும்.

சாய்ந்த வாரமே கை பருமன் கிளைகளை வெட்டி மொட்டை மாடியில் மூன்று வாரம் காயவைத்தேன். நேற்று அடுப்பில் வைத்தால், வெட்டுவாயில் நுரை தள்ளி உஸ்ஸென்று சத்தம். ஒரே புகை, இட்லிக் குண்டான் அடியெல்லாம் கரி. பழைய சவுக்கோடு கலந்து வைத்தால் மட்டும் ஓரளவு எரிகிறது. இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தேன், காய்ந்த கட்டைக்கு வரும் 'டங்' சத்தம் இல்லை.

அதைவிடக் கஷ்டம் பிளப்பது. நார் முறுக்கிக்கொண்டு ஓடுவதால் கோடாரி மாட்டிக்கொள்கிறது. இரும்பு ஆப்பு வைத்து அடித்தும் ஒரு துண்டுக்கு அரை மணி நேரம் போனது. அப்புறம் ஐப்பசி மழை வேறு வருகிறது. தகரக் கொட்டகையில் பாதி மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

இந்த மரத்தை எரித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: பிளந்து அடுத்த சித்திரை வரை காயவைத்தால் கடை அடுப்புக்குச் சூடு நின்று எரியுமா, இல்லை அந்த 6,500 ரூபாய்க்குச் சவுக்கே வாங்கிவிடலாமா?