சூப்பர் நின்டெண்டோ: சிறந்த கேமும் தாக்கம் தந்த கேமும் ஒன்றேதானா?

மழைத்துளி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய கேம் கன்சோல் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கன்சோல், இரண்டு கன்ட்ரோலர், ஒயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கேம் அடங்கிய கேட்ரிட்ஜ் மட்டும் ஒன்றுகூட இல்லை. நான் விளையாடத் தொடங்கியதே பிளேஸ்டேஷன் 2 வந்த பிறகுதான். இந்தத் தலைமுறையை அப்படியே தவறவிட்டவன்.

எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அதே பத்துப் பெயர்கள்தான், வரிசை மட்டும் மாறுகிறது. "காலத்தால் அழியாதது", "வரலாறு படைத்தது" என்று போட்டிருக்கிறார்கள். எதனால் அப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இன்றைக்குப் புதிதாக உட்கார்ந்து ஆடுபவனுக்கு இவற்றில் எது உண்மையிலேயே நன்றாக இருக்கும்? எது பின்னால் வந்த கேம்களை மாற்றியது? இரண்டும் ஒன்றுதானா? முதலில் நான்கைந்து கேட்ரிட்ஜ் மட்டும் தேடப் போகிறேன். கதையை ரொம்பச் சொல்லிவிடாதீர்கள்.

நட்சத்திரப்பாதை எழுதியது:

சூப்பர் மாரியோ வேர்ல்ட். யோசிக்கவே வேண்டாம். 1990 நவம்பரில் ஜப்பானில் கன்சோலோடு சேர்ந்தே வந்த கேம். மொத்த அளவு 512 கிலோபைட். அதற்குள் 96 வெளியேறும் வழிகள் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் ஒரு லெவலின் புள்ளி மஞ்சளாக இருந்தால் ஒரு வழி, சிவப்பாக இருந்தால் இன்னொன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து முடித்த லெவலுக்கெல்லாம் திரும்பிப் போய்ச் சுவர் சுவராகத் தட்டிப் பார்ப்பீர்கள். முதுகில் மாட்டும் கேப் போட்டுப் பறக்க மட்டும் பொறுமையாகப் பழகுங்கள், கை படிந்துவிட்டால் அப்புறம் விடவே மனம் வராது.

பச்சைக்கதவு எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் என் பதில். அதற்கு, விண்கலத்தில் பறந்து சுடும் ஸ்டார் ஃபாக்ஸ் போதும். 1993இல் வந்தது. இந்தக் கன்சோலின் மூளை அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது, முப்பரிமாண உருவங்களை வரைய அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் சூப்பர் எஃப்எக்ஸ் என்ற தனிச் சில்லை கேட்ரிட்ஜுக்குள்ளேயே வைத்தார்கள். லண்டனில் இருந்த ஆர்கனாட் என்ற சிறு குழுவும் நின்டெண்டோவும் சேர்ந்து செய்த வேலை. வீட்டு கன்சோலில் பலகோண உருவங்கள் பறப்பதை நிறையப் பேர் முதன்முதலாகப் பார்த்தது இதில்தான். தாக்கம் என்றால் தாக்கம்தான். ஆனால் இன்றைக்கு ஆடினால் பல இடங்களில் வினாடிக்கு இருபது படங்கள்கூடத் தேறாது, கண் களைத்துப் போகும். நண்பர் முதலில் வாங்கவேண்டிய கேட்ரிட்ஜ் அதுவல்ல.

எனக்கு இரண்டுமாக இருக்கும் கேம் ஒன்று உண்டு: சூப்பர் மெட்ராய்ட், 1994.

இதை நான் என் அக்காவோடு ஆடினேன். கன்ட்ரோலர் அவளிடம், கட்டம் போட்ட நோட்டு என்னிடம். கேமிலேயே வரைபடம் உண்டு, ஆனால் திறக்க முடியாமல் விட்டுவந்த கதவுகள் எங்கெங்கே என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். சிவப்புக் கதவுக்கு ஐந்து ஏவுகணை. பச்சைக்கு ஒரு சூப்பர் ஏவுகணை. மஞ்சளுக்கு அதைவிடப் பெரிய குண்டு. கலர் பென்சிலால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோடு இழுத்து வைப்பேன். ஒருநாள் பச்சைக்கான ஆயுதம் கிடைத்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் நோட்டைப் புரட்டினேன், பச்சைக் கோடுகள் ஏழு இருந்தன. எதற்கு முதலில் போவது என்று அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை இன்னும் நினைவில் இருக்கிறது. என் பெயர் ஏன் பச்சைக்கதவு என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பதில் இதுதான்.

அந்த உணர்வுதான் இந்த கேம் உலகத்துக்குக் கொடுத்தது. விட்டுவந்த வழிகளைப் பின்னால் கிடைக்கும் திறமையால் திறந்து போகும் கேம்களுக்கு இன்று மெட்ராய்ட்வேனியா என்று ஒரு வகையே இருக்கிறது, அந்தப் பெயரில் பாதி இங்கிருந்து போனது. 2017இல் வந்த ஹாலோ நைட் வரைக்கும் அந்தக் குடும்பம் நீள்கிறது.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைப்பது கதவுகளைப் பற்றியல்ல. இந்த கேம் பேசாமல் கற்றுக்கொடுக்கும் விதத்தைப் பற்றி. கதையைக் கெடுக்காமல் ஆரம்பத்தை மட்டும் சொல்கிறேன். நாயகி சாமஸின் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குகிறது. மழை பெய்கிறது. உள்ளே நடந்து போனால் ஒரு எதிரிகூட இல்லை. பழைய இடிபாடுகள், ஆளரவமே இல்லாத தாழ்வாரங்கள். இவ்வளவு தூரம் வந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஆடுபவருக்கு வயிற்றைப் பிசையும். அப்படியே போய் ஒரு பொருளை எடுக்கிறீர்கள். வந்த வழியே திரும்பினால் அதே அறைகள், ஆனால் இப்போது அவற்றில் உயிர் இருக்கிறது. ஒரு வரி எழுத்து இல்லாமல், "நீ வந்தது எங்களுக்குத் தெரிந்துவிட்டது" என்று அந்த இடமே சொல்லிவிடுகிறது.

இன்னொரு இடம். ஆழமான குழி ஒன்றில் விழுவீர்கள். குதித்து ஏற முடியாது. அங்கே சின்னதாக மூன்று விலங்குகள் இருக்கும். கொஞ்சநேரம் சும்மா நின்று அவற்றைப் பாருங்கள். அவ்வளவுதான் சொல்வேன். "இந்தப் பட்டனை அழுத்தவும்" என்று திரையில் எழுதிக் காட்டாமல், உங்கள் கண்ணை நம்பி ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் வந்த எத்தனையோ கேம்கள் முதல் ஒரு மணிநேரத்தை அறிவுரைப் பெட்டிகளால் நிரப்பியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழிதான் நினைவுக்கு வரும்.

இரண்டாவது, க்ரோனோ ட்ரிக்கர், 1995. ஃபைனல் ஃபேன்டசி கேம் தொடரைத் தந்த சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட் தொடரைத் தந்த ஹோரீ, ஓவியத்துக்கு மங்கா ஓவியர் டொரியாமா என்று மூன்று பேர் ஒரே கேமில். அந்தக் காலத்து ரோல்பிளேயிங் கேம்களில், அதாவது ஒரு பாத்திரமாகக் கதைக்குள் பயணம் போகும் கேம்களில், நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று திரை சுழன்று சண்டை வரும். இதில் எதிரிகள் கண்ணெதிரே திரிவார்கள், நிற்கும் இடத்திலேயே சண்டை தொடங்கும். ஒருமுறை முடித்த பிறகு சம்பாதித்த பலத்தோடு மறுபடி தொடங்கும் முறைக்கு நியூ கேம் பிளஸ் என்று பெயர் வைத்ததும் இதுதான். இன்றைக்கு அந்தச் சொல் எல்லா கேமிலும் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு திருவிழா வரும், அங்கே ஒரு மேசையில் யாரோ வைத்த சாப்பாடு இருக்கும். பட்டனை அழுத்தினால் எடுத்துச் சாப்பிடலாம். கேம்களில் கண்ணில் பட்டதை எல்லாம் எடுப்பது வழக்கம்தானே, நானும் எடுத்தேன். பல மணிநேரம் கழித்து வேறொரு இடத்தில் அந்தச் சாப்பாட்டைப் பற்றி என்னிடம் கணக்குக் கேட்டார்கள். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். நாம் செய்வதை ஒரு கேம் கவனித்துக்கொண்டே இருக்கும், பின்னால் எடுத்துச் சொல்லும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த கேட்ரிட்ஜ்களில் சேவ், அதாவது ஆடியவரை சேமித்து வைத்தது, நிற்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரியால். மின்சாரம் போனாலும் அந்த நினைவகத்தை அதுதான் உயிரோடு வைத்திருக்கிறது. பொதுவாக சிஆர் 2032 வகை. முப்பது வருடம் தாண்டியவற்றில் அது தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். என் க்ரோனோ ட்ரிக்கர் அப்படித்தான் போனது. அக்கா திருமணமாகிப் போன பிறகு ஒருநாள் போட்டுப் பார்த்தேன், மூன்று இடமும் காலி. அவள் பெயரில் இருந்த சேவும் அதோடு போயிற்று. மாற்றுவது கஷ்டமில்லை: 3.8 மில்லிமீட்டர் அளவுக்கான தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும், கால்கள் வைத்தே வரும் பேட்டரியை வாங்கிச் சால்டர் செய்ய வேண்டும். பேட்டரி மேலேயே நேரடியாகச் சூடு வைக்கக்கூடாது, வெடிக்கும். பழையதை எடுத்ததும் அதிலிருக்கும் சேவ் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது யாருடையதாக இருந்தாலும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

செல்டா: எ லிங்க் டு த பாஸ்ட் பற்றித் தனியாகவே எழுதலாம். சுழன்று வெட்டும் வீச்சு, கொக்கியை வீசி இழுக்கும் ஹூக்ஷாட், மாஸ்டர் வாள், நான்கு சேர்ந்தால் ஒரு இதயமாகும் துண்டுகள் எல்லாமே அந்தத் தொடரில் 1991இல் இங்கே தொடங்கியவை. அதுவும் மழையில்தான் ஆரம்பிக்கும். வாங்குங்கள்.

ஆறாவதுபட்டன் எழுதியது:

பச்சைக்கதவு அண்ணா சொன்ன மூன்றும் சரி. ஆனால் மூன்றையும் ஒருவர் ஆடினால் மற்றவர் நோட்டு வைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். நண்பரிடம் இரண்டு கன்ட்ரோலர் இருக்கிறதே?

இருவர் மோதும் சண்டை கேம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1992. கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் எந்திரத்தில் அடிக்க ஆறு பட்டன்: மூன்று குத்து, மூன்று உதை. இந்த கன்ட்ரோலரில் முகத்தில் நான்கு, தோளில் இரண்டு. ஆக ஆறும் அப்படியே பொருந்திவிட்டன. போட்டி கன்சோலான மெகா டிரைவில் முதலில் மூன்றே பட்டன், இந்த கேம் அங்கே வந்தபோது ஆறு பட்டன் வைத்துப் புதுக் கன்ட்ரோலரே கொண்டுவந்தார்கள். தாக்கம் என்று கேட்டால் நான் கேமை விட்டுவிட்டு இந்தக் கன்ட்ரோலரையே காட்டுவேன். வைர வடிவில் நான்கு, மேலே எல், ஆர். இன்று நீங்கள் கையில் எடுக்கும் எந்தக் கன்ட்ரோலரையும் பாருங்கள், அதே அமைப்புதான்.

அடுத்தது சூப்பர் மாரியோ கார்ட், அதுவும் 1992. இந்தக் கன்சோலுக்கு மோட் 7 என்று ஒரு வித்தை தெரியும். தரைப்படம் ஒன்றைச் சுழற்றும், பெரிதாக்கும், சிறிதாக்கும். ஒவ்வொரு வரிக்கும் அளவை மாற்றிக்கொண்டே போனால் தரை தூரத்தில் சுருங்குவதுபோல் தெரியும். ரேஸ் பாதை முழுக்க அப்படி வரைந்ததுதான். தனியாக ஆடினாலும் திரை இரண்டாகவே பிரிந்திருக்கும், கீழ்ப்பாதியில் வரைபடம் அல்லது பின்னால் வருபவர்கள். இருவருக்கான கேமாகவே யோசித்துச் செய்தது என்பது அதிலேயே தெரியும். ஆளுக்கு மூன்று பலூன் கட்டிக்கொண்டு மோதும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

இன்னொன்று: உங்கள் கன்சோல் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா, அதாவது திரையை வினாடிக்கு எத்தனை முறை வரைகிறது என்று பாருங்கள். 50இல் பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மேலும் கீழும் கருப்புப் பட்டை வேறு. சண்டை கேமில் அது உடனே கைக்குத் தெரியும்.

கோழிக்கூடு எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று: ஹார்வெஸ்ட் மூன், 1996. அடுத்த கன்சோலான நின்டெண்டோ 64 வந்த பிறகு வந்ததால் பலர் கண்ணில் படவில்லை. நிலத்தைக் கொத்துவது, தண்ணீர் ஊற்றுவது, மாட்டிடம் பேசுவது, அவ்வளவுதான் கேம். மாலை 6 மணியானால் கடிகாரம் நின்றுவிடும், தூங்கும்வரை இரவு உங்களுடையது. 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி இதன் நேரடி வாரிசு. சிறந்தது என்று சண்டை போட மாட்டேன். பெரிய தாக்கம் சின்ன இடத்திலிருந்தும் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். மாரியோ வேர்ல்டும் சூப்பர் மெட்ராய்டும் முதலில் கிடைத்தன. செல்டாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

பச்சைக்கதவு சார், மெட்ராய்டில் ஒரு பாலத்தில் ஒரு மாலை முழுக்க நின்றுவிட்டேன். கால் வைத்தால் உதிரும் தரை. எத்தனை முறை குதித்துப் பார்த்தாலும் கீழே விழுகிறேன். இதற்கு ஏதோ ஆயுதம் வேண்டும் என்று நினைத்து வந்த வழியெல்லாம் திரும்பிப் போய்த் தேடினேன். வீடியோ பார்க்கலாம் என்று போனை எடுத்தேன், உங்கள் குழியும் மூன்று விலங்கும் நினைவுக்கு வந்தது, கீழே வைத்துவிட்டேன். கன்ட்ரோலரைப் பார்த்தேன். ஏ குதிக்க, எக்ஸ் சுட. பி எதற்கு என்று நான் ஒருநாளும் பார்க்கவே இல்லை. அழுத்திப் பிடித்தபடி நடந்தேன்.

முதல் நிமிடத்திலிருந்தே சாமஸால் ஓட முடிந்திருக்கிறது.

இப்போது கட்டம் போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பச்சைக் கோடு நான்கு.

பச்சைக்கதவு எழுதியது:

அந்தப் பாலத்தில் அக்கா இரண்டு நாள் நின்றாள். உங்கள் பதிவை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டேன். "வீடியோ பார்க்கவில்லையா, நல்ல பிள்ளை" என்று சொல்லச் சொன்னாள்.

இனி நான் எதுவும் சொல்லக்கூடாது. ஒன்றே ஒன்று. கடைசியில் மூன்று நிமிடம் கொடுத்து ஓடச் சொல்வார்கள், கிரகமே வெடிக்கப் போகும். அந்த அவசரத்திலும், முதன்முதலாக உங்களுக்குக் குண்டுகள் கிடைத்த அறை எங்கே என்று நோட்டில் குறித்து வைத்திருங்கள். குழியில் உங்களுக்கு ஏறக் கற்றுக்கொடுத்தவர்கள் அங்கே மாட்டிக்கொண்டிருப்பார்கள்.