வன்னியில் இருந்துகொண்டு ஹைக்கூ பழகுவது எப்படி?

நீர்முள்ளி (கிளிநொச்சி):
அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்துக்கு அண்மையில் வசிக்கும் ஆசிரியை நான். நாள் முழுவதும் இரைச்சலில் அலையும் மனத்தைச் சற்று ஓரிடத்தில் நிறுத்தப் பழகுவதற்காக ஹைக்கூ என்ற ஜப்பானியக் குறுங்கவிதையை வாசிக்கவும் எழுதவும் தொடங்கியிருக்கிறேன். ஐந்து, ஏழு, ஐந்து என்று அசைகளை எண்ணித்தான் எழுத வேண்டுமா? அத்துடன், எதைப் பார்த்தாலும் உவமை ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. நேற்று எழுதியது இது (வான் பாய்வது என்றால் குளம் நிரம்பி வழிவது):

வான் பாயும் குளம்
பிள்ளையைத் தேடும் தாயின்
கண்ணீர் போல

தோழி நன்று என்கிறார், எனக்கு நிறைவில்லை.

பாலையடி (முல்லைத்தீவு):
வணக்கம் ஆசிரியை. ஜப்பானியர் எண்ணுவது நம்முடைய அசையை அன்று, ஒலியின் அளவை. அங்கே நெடில் இரண்டாகவும், சொல்லின் இறுதியில் வரும் 'ன்' ஒன்றாகவும் கணக்கிடப்படும். அது நம் மாத்திரைக்கே நெருங்கியது, நாம் மெய்க்கு அரை மாத்திரைதான் கொடுக்கிறோம் என்றாலும். எனவே தமிழில் அசை எண்ணுவதால் பயனில்லை. கவனிக்க வேண்டியது கவிதைக்குள் விழும் வெட்டு, அதாவது அதை இரண்டாகப் பிரிக்கும் நிறுத்தம். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686இல் எழுதிய தவளைக் கவிதையில் பழைய குளம் முதலில் தனித்து நிற்கிறது; அதன்பின் தவளை பாய்கிறது, நீரின் ஓசை கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வாசகரே கடக்க வேண்டும். தங்கள் கவிதையில் அந்த வேலையை 'போல' செய்து முடித்துவிடுகிறது. வாசிக்கும்போதும் வெட்டு விழும் இடத்தில் நிறுத்தி, அதுவரை வந்த பொருளை மனத்தில் நன்றாகக் கண்ட பின்பே மேலே செல்லுங்கள். ஒரே மூச்சில் ஒரு தொகுப்பை முடிப்பவருக்கு இந்தப் பழக்கம் கைகூடாது.

சோளகம் (வவுனியா):
பாலையடி சொன்னதை ஏற்கிறேன், ஆனால் உவமையையே பகையாக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களின் உள்ளுறை, 'போல' என்ற சொல் இல்லாமலே பூ, விலங்கு போன்ற நிலத்தின் கருப்பொருளைக் கொண்டு உவமையை உணர்த்திவிடும். 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதிய பாரதிக்கும் அது அந்நியமாகத் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். ஜப்பானியர் கவிதையில் பருவச்சொல், அதாவது பருவகாலத்தை உணர்த்தும் சொல் ஒன்றை வைப்பார்கள். அதற்காக நாம் செர்ரிப் பூவையும் பனிப்பொழிவையும் கடன் வாங்குவது வீண். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல், அதையொட்டிப் பழுக்கும் பாலைப்பழம், மாரியில் குளம் வான் பாய்வது, காலபோக (மாரிக்கால நெற்செய்கை) வயலில் பன்றிக்காவல் என்று நம்மிடமே பருவத்தைச் சொல்ல எத்தனையோ உண்டு. நான் ஒரு கொப்பியில் மாதவாரியாக இவற்றைக் குறித்து வருகிறேன். கவிதை வராத நாளிலும் குறிப்பு வரும்.

வாடை (மன்னார்):
மன அமைதிக்காகப் பழகுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த மண்ணில் பலருக்குக் கண்ணை மூடி அமர்ந்தாலே பழையவை மேலெழும். ஹைக்கூவில் கண் திறந்திருக்கிறது, கவனம் வெளியே உள்ள பொருளில் நிற்கிறது. ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்திய ஜப்பானியக் கவிஞர் ஷிகி (1867–1902), முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் கிடந்தபடி தோட்டத்தில் கண்டதை உள்ளபடியே எழுதினார். ஆனாலும் இது மருந்து ஆகாது. எழுதும்போது மனம் தாங்காவிட்டால் கொப்பியை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவருடன் பேசுங்கள். அது தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடத் தயங்க வேண்டாம்.

நீர்முள்ளி:
மூவருக்கும் நன்றி. இன்று மாலை குளக்கட்டுக்குப் போய், கண்டதை மட்டும் எழுதினேன்:

வான் பாய்கிறது;
குளக்கட்டில் நிற்பவர் கையில்
ஒற்றைச் செருப்பு

'ஒற்றைச் செருப்பு' முதல் வரியாக வந்தால் இன்னும் நன்றாக இருக்குமா?

பாலையடி:
வேண்டாம். இப்போது வெள்ளத்தைக் கண்ட பிறகே செருப்பைக் காண்கிறோம், மற்றது எங்கே போயிற்று என்று நாமே கேட்டுக்கொள்கிறோம். முன்னே வைத்தால் அந்தக் கேள்வி எழுமுன்பே விடை வந்துவிடும். 'நிற்பவர்' என்பதை மட்டும் மீண்டும் பாருங்கள்: அவர் முதியவரா, சிறுவனா, மீன் பிடிக்க வந்தவரா? கண்டது எதுவோ அதையே எழுதலாம்.